தோட்டப் பாடசாலைக்குப் புதிதாக வரும் டீச்சர்மாருக்கு: வகுப்பில் சமூக நீதியை எங்கிருந்து தொடங்குவது?

பத்தனை கல்வியியற் கல்லூரியில் ஆசிரியர் பயிற்சி முடித்து முதல் நியமனத்தோடு இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு வருகிற தங்கச்சிமாரும் தம்பிமாரும் என்னிடம் அடிக்கடி கேட்பார்கள்: "அக்கா, சமூக நீதி, உள்வாங்கல் கல்வி என்றெல்லாம் படித்தோம். அதை வகுப்பில் எந்தப் பாடவேளையில் செய்வது?" தனியாக ஒரு பாடவேளை வேண்டாம் என்பேன். பிள்ளை எங்கே உட்காருகிறது, கழிவறையை யார் கழுவுகிறார்கள், கணக்குக்கு என்ன உதாரணம் போடுகிறோம், யாருடைய அம்மாவை எப்படிக் கூப்பிட்டு அனுப்புகிறோம் என்பதிலேயே எல்லாம் இருக்கிறது. இதில் நியாயம் இல்லாவிட்டால் குடியியற் கல்விப் புத்தகத்தில் எத்தனை பக்கம் வாசித்தாலும் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். டீச்சர் சொல்வதையும் டீச்சர் செய்வதையும் ஒத்துப்பார்க்கும் வேலையில் அவர்கள் படு கெட்டி.

நான் ஹட்டன் பக்கத்தில் கணிதமும் குடியியற் கல்வியும் படிப்பிக்கிறேன். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவள், அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்தவர். கீழே எழுதுவது தரம் 6 முதல் 9 வரையான வகுப்புகளை மனதில் வைத்து.

முதலில் பாருங்கள், மாற்றாதீர்கள்

முதல் இரண்டு வாரம் இருக்கிறதை இருக்கிறபடி விடுங்கள். ஒரு தாளில் வகுப்பின் படம் கீறி, யார் எங்கே உட்காருகிறார்கள் என்று குறியுங்கள். இடைவேளையில் யார் யாரோடு சாப்பிடுகிறார்கள், யாருடைய தண்ணீர்ப் போத்தல் கைமாறுகிறது, யாருடையது மாறுவதில்லை, அலுவலகத்துக்குப் போய் வெண்கட்டி எடுத்துவர எப்போதும் யார் எழும்புகிறார்கள் என்று அதே தாளில் சின்னச் சின்னக் கோடாகப் போடுங்கள். தாளை ஒருவருக்கும் காட்ட வேண்டாம். மேசை லாச்சிக்குள் இருக்கட்டும்.

இரண்டாவது வாரத்தில் ஒன்று தெரியவரும். பாடசாலைக்குக் கிட்ட இருக்கிற டிவிசன் (தோட்டப் பிரிவு) பிள்ளைகள் முன்வரிசையில் இருப்பார்கள். மலையைச் சுற்றி நடந்து வருகிற பணிய (கீழ்ப்பக்க) லயத்துப் பிள்ளைகள் கடைசி வரிசையில். யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. முதல் தவணையின் மழைநாட்களில் முந்தி வந்தவர் முந்திப் பிடித்த இடம், அவ்வளவுதான். ஆனால் கடைசியில் இருக்கிற பிள்ளைக்குக் கரும்பலகை தெரியாது, டீச்சரின் கண்ணும் அங்கே போகாது. ஒரு வருடம் போனால் "அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் படிப்பில் கொஞ்சம் மந்தம்" என்று ஆசிரியர் அறையிலேயே பேச்சு வரும். பாதையின் தூரம் இப்படித்தான் பிள்ளையின் மூளைக் கணக்கில் எழுதப்படுகிறது.

அதற்குள் இன்னொன்றும் ஒளிந்திருக்கும். பல தோட்டங்களில் எந்த லயத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்பதில் பழைய சாதிக் கணக்கு இன்னும் இருக்கிறது. "நீ எந்த லயம்?" என்று ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையிடம் கேட்டால் அது எப்போதும் விலாசம் விசாரிக்கும் கேள்வியாக இருப்பதில்லை. நீங்களும் அந்தக் கேள்வியை வகுப்பில் உரக்கக் கேட்க வேண்டாம். தேவை என்றால் அனுமதிக் கோவையில் பார்த்துக்கொள்ளலாம்.

இடம் மாற்றும் முறை

மூன்றாவது திங்கட்கிழமை தொடங்குங்கள். மேசைக்கு இருவர் என்றால், இடப்பக்கத்தில் இருப்பவர் ஒரு வரிசை முன்னுக்கு, வலப்பக்கத்தில் இருப்பவர் ஒரு வரிசை பின்னுக்கு. முன்வரிசையின் இடப்பக்கத்தவர் கடைசிக்குப் போவார், கடைசி வரிசையின் வலப்பக்கத்தவர் முதலாவது வரிசைக்கு வருவார். ஒவ்வொரு வாரமும் இதேதான். ஐந்து வரிசை இருந்தால் ஐந்து வாரத்தில் ஒருவருக்குத் தன் நிரலில் ஐந்து வேறு வேறு பக்கத்துத் துணை கிடைக்கும். வரிசை இரட்டை எண்ணாக இருந்தால் பாதிப் பேரோடுதான் சேர வாய்ப்பு வரும். அப்போது ஒரு மாதம் இடப்பக்கத்தவரை மட்டும் நகர்த்தி, அடுத்த மாதம் வலப்பக்கத்தவரை மட்டும் நகர்த்துங்கள். ஏன் அப்படி என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்க விடுங்கள். தரம் 8க்கு அருமையான கணக்கு.

கண் சரியாகத் தெரியாத, காது மந்தமான பிள்ளைகள் மட்டும் முன்னால் நிலையாக இருக்கலாம். யாருக்கு அப்படி என்பதைப் பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்குக் காத்திராமல் நீங்களே பாருங்கள். கரும்பலகையில் இருக்கிறதைப் பார்த்து எழுதாமல் பக்கத்துக் கொப்பியைப் பார்த்து எழுதுகிற பிள்ளையைக் கவனித்தால் போதும், பாதி தெரிந்துவிடும்.

சில வீடுகளிலிருந்து ஆள் வரும். அதற்கு ஆயத்தமாக இருங்கள். ஒருமுறை ஒரு தகப்பன் வந்து கதவடியில் நின்றார்.

"டீச்சரம்மா, நம்ம புள்ளைய முந்தி இருந்த எடத்துலயே வச்சிருங்களேன்."

"ஏங்க அண்ணே, கண்ணு தெரியலையா அவனுக்கு?"

"அது நல்லாத் தெரியுது. பக்கத்துல இருக்குற புள்ளதான்..."

"அந்தப் புள்ள கணக்குல நல்லா இருக்கானே. அடுத்த கிழம எப்படியும் மாறிரும். எல்லாருக்கும் மாறும், உங்க மகனுக்கு மட்டும் இல்ல."

கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். அவர் சொல்ல வந்ததை நான் வாயால் சொல்லவைக்கவில்லை. சொல்லவைத்திருந்தால் அதற்கு அவர் கட்டுப்பட வேண்டி வந்திருக்கும், இரண்டு பேருக்கும் ஒரு சண்டை மிஞ்சியிருக்கும். "எல்லாருக்கும் இதே ஒழுங்கு" என்ற பதில் சாதிப் பேச்சு, இனப் பேச்சு, பணக்காரப் பேச்சு எல்லாவற்றுக்கும் பொருந்தும். அதனால்தான் ஒழுங்கை முதலே எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்கிறேன்.

விளக்குமாறும் கழிவறையும்

இதில் நான் கொஞ்சம் கடுமை. கழிவறை கழுவுவதைத் தண்டனையாகக் கொடுக்கவே கூடாது. பிந்தி வந்தவன், வீட்டு வேலை செய்யாதவன், சண்டை பிடித்தவன் என்று ஒருவனைக் கழுவ அனுப்பினால், டவுனில் காண் (வடிகால்) துப்புரவு செய்கிறவரின் மகள் அந்த வகுப்பில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்பா ஒவ்வொரு நாளும் செய்கிற வேலை மற்றவர்களுக்குக் கொடுக்கும் தண்டனை என்று அவளுக்கு நாமே படிப்பித்ததாக ஆகும்.

இடாப்பு ஒழுங்கில் முறை போடுங்கள். ஆண், பெண் கலந்து நான்கு பேர் ஒரு வாரம். கூட்டுவது, தண்ணீர் கொண்டுவருவது, கழிவறை, குப்பை நான்கும் அந்த நான்கு பேருக்குள் நாளுக்கு நாள் மாறும். உங்கள் பெயரையும் பட்டியலில் சேருங்கள், உங்கள் முறை வரும்போது சேலையைச் செருகிக்கொண்டு இறங்குங்கள். முதல் தடவை பிள்ளைகள் சிரிப்பார்கள். "பொம்பளப் புள்ளைங்கதானே கூட்டுவாங்க" என்று முனகுகிற பையன்களுக்கு விளக்கம் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம். விளக்குமாற்றைக் கையில் கொடுத்தால் சரி.

தப்பு மேளம் அடிப்பதும் இந்த வகையில்தான் சேரும். பாடசாலை விழாவுக்குத் தப்பு வேண்டும் என்றவுடன் குறிப்பிட்ட இரண்டு வீட்டுப் பையன்களைத்தான் கூப்பிடுவது பல இடங்களில் வழக்கம். மரியாதைதானே செய்கிறோம் என்று நினைத்துச் செய்வார்கள். உண்மையில் அந்தப் பையன்களின் நெற்றியில் ஒரு முத்திரை குத்துகிறோம். தப்பு படிப்பிப்பது என்றால் விரும்புகிற எல்லாருக்கும், பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் படிப்பியுங்கள். தெரிந்த ஒரு பெரியவரை அழைத்து, அவரை ஆசிரியர் கதிரையில் உட்காரவைத்து, "சேர்" என்று பிள்ளைகள் கூப்பிடட்டும்.

படிவங்கள், கட்டுரைகள்

வருடத் தொடக்கத்தில் தகவல் படிவம் நிரப்பும்போது "அப்பா என்ன வேலை?" என்று வரிசையாக எழுப்பிக் கேட்காதீர்கள். மேசைக்கு ஒவ்வொருவராக வரட்டும். "நாளைக்கு அம்மாவைக் கூட்டிவா" என்று சொல்வதற்கு முன்னாலும் ஒரு நொடி யோசியுங்கள். நமது வகுப்புகளில் சில தாய்மார் குவைத்திலோ சவூதியிலோ இருப்பார்கள், பிள்ளை அம்மாச்சியோடு இருக்கும். "வீட்டில் பெரியவர் யாராவது" என்றால் எல்லாருக்கும் பொருந்தும்.

"எனது வீடு" என்று கட்டுரை கொடுத்தால் பத்து அடி காம்பிராவில் (லய அறையில்) இருக்கிற பிள்ளை, முற்றத்தில் ரோசா பூத்த மாடி வீட்டைப் பற்றி எழுதிக் கொண்டுவரும். பொய் எழுதப் பழக்குகிறோம். அதற்குப் பதிலாக "எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வரும் வழி" என்று கொடுத்துப் பாருங்கள். பீலித் தண்ணீர், குழாய் உடைந்த கதை, யார் விடியற்காலையில் குடம் எடுக்கிறார்கள், மேட்டு லயத்துக்கு வந்தபிறகு எங்களுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று கொப்பி நிறைய வரும். டவுன் பிள்ளைக்கும் சொல்ல ஒரு கதை இருக்கும். எல்லாவற்றையும் ஒரு பெரிய தாளில் வரைபடமாகப் போட்டால் பங்கீடு என்ற பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

கணக்குப் பாடத்தில் கொழுந்து

என் பாடம் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். வீதம் படிப்பிக்கும்போது ஆப்பிள் விற்ற கணக்கை மூடிவைத்துவிட்டு இதைக் கொடுங்கள் (தோட்டத்தில் "பேர்" என்றால் ஒரு நாள் வேலைக்குப் பதிவாகும் சம்பளக் கணக்கு): "முழுப் பேருக்கு 18 கிலோ எடுக்க வேண்டும். ஒருவர் 19 கிலோ எடுக்கிறார். சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று 2 கிலோ கழிக்கிறார்கள். அவருக்கு முழுப் பேரா, அரைப் பேரா? கழிவு எத்தனை வீதம்?" எண்கள் நீங்கள் உண்டாக்கியவையாக இருக்கட்டும். எந்தப் பிள்ளையிடமும் அம்மாவின் சம்பளத் துண்டைக் கொண்டுவரச் சொல்லக்கூடாது.

விடை 10.5 வீதம் என்று கரும்பலகையில் வந்தவுடன் வகுப்பு ஒரு மாதிரி ஆகும். எனது வகுப்பில் அதுவரை வாயே திறக்காத ஒரு பிள்ளை கை உயர்த்தினாள். "மழ பெய்யாத நாள்லயும் ஈரத்துக்குக் கழிப்பாங்களா மிஸ்?" இதற்குப் பதில் சொல்லிவிடாதீர்கள். "நல்ல கேள்வி, கொப்பியில் எழுது. வெயில் நாளில் 1 கிலோ மட்டும் கழித்தால் என்ன ஆகும் என்று கண்டுபிடி" என்று கணக்குக்குள்ளேயே கொண்டுபோங்கள். 18 கிலோ வந்துவிடும், முழுப் பேர் கிடைக்கும். ஒரு கிலோவில் அரை நாள் சம்பளம் இருக்கிறது என்பது அந்தப் பிள்ளைகளுக்கு விளங்குகிற அளவுக்குக் கொழும்பில் ஒரு பிள்ளைக்கும் விளங்காது.

அடுத்த கணக்கு: 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று தீர்மானமானது, 2024இல் 1,350. கூடியது எத்தனை வீதம்? 35. அதே காலத்தில் கோதுமை மா, பருப்பு, மண்ணெண்ணெய் விலை எப்படி மாறியது என்று கடைக்கார மாமாவிடம் கேட்டு வரச் சொல்லலாம். பிறகு ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்ற விகிதத்தைக் கொடுங்கள். கடையில் பக்கற்றின் விலையைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் உடனே ஒரு பெரிய வித்தியாசத்தைக் கண்டுபிடித்துக் கொதிப்பார்கள். அப்போது தொழிற்சாலை, விறகு, மின்சாரம், லொறி, கொழும்பு ஏலம், பொதியிடல் என்று நடுவில் இருக்கிற படிகளையும் அவர்களே பட்டியல் போட வேண்டும். கோபத்தோடு கணக்கும் சரியாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. கணக்குப் பிழைத்த கோபத்தை எந்தத் தோட்டத் துரையும் இரண்டு நிமிடத்தில் வாயடைத்துவிடுவார்.

தொழிற்சங்க அரசியலை வகுப்புக்குள் கொண்டுவர வேண்டாம். எந்தச் சங்கம் நல்லது என்று பிள்ளைகள் கேட்பார்கள், வீட்டில் அந்தப் பேச்சுத்தானே. "அது அப்பா அம்மா முடிவு செய்கிற விஷயம்" என்று சொல்லி நகர்ந்துவிடலாம்.

இரண்டு மீற்றர் கயிறு

வரலாற்றுக்கு ஒரு சணல் கயிறு போதும். ஒரு வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர். கோப்பித் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து நம்மவர்கள் வந்ததன் 200 ஆண்டை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்கள் அல்லவா, அங்கிருந்து பின்னோக்கி 1823 வரை அளந்தால் கயிறு சரியாக இரண்டு மீற்றர். முடிச்சுகளைப் பிள்ளைகள் போடட்டும். 1867 லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டது. 1940 முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸாரால் சுடப்பட்டது. 1947 தேர்தலில் நம்மவர்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948 நம்மவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம். 1964 இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று. 1974இல் அந்த மிச்சத்தையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். 2003இல் எஞ்சியவர்களுக்கும் குடியுரிமை கொடுக்கும் சட்டம்.

1948க்கும் 2003க்கும் நடுவில் 55 சென்டிமீட்டர். தரம் 9 பையன் ஒருவன் தன் கையை வைத்து அளந்து, "மூணு சாணுக்குக் கிட்ட மிஸ், எங்க தாத்தாவோட பூரா வேலக்காலமும் இதுக்குள்ளயே வருது" என்றான். நான் பத்து நிமிடம் பேசியும் அந்த இடத்துக்கு வந்திருக்க மாட்டேன்.

பிறகு விருப்பமுள்ளவர்கள் வீட்டில் கேட்டு வந்து சிறு தாள் கட்டலாம்: பாட்டி பிறந்த வருடம், சின்னத் தாத்தா தலைமன்னார் போய்க் கப்பல் ஏறிய வருடம், வீட்டில் முதல் வாக்குப் போட்ட வருடம். கட்டாயப்படுத்தாதீர்கள். சில வீடுகளில் அந்தப் பேச்சு எடுத்தால் இன்னும் அழுகை வரும்.

அழுகையோடு மட்டும் கயிறு முடியக்கூடாது. தோட்டத் தொழிற்சங்க முன்னோடி நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள் தொழிலாளர் மத்தியில் பாட்டுப் பாடி உரிமை பேசியதையும் சொல்லுங்கள், பெண் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். நம் கதை மட்டும்தான் அநியாயத்தின் கதை என்றும் பிள்ளைகள் நினைக்கக்கூடாது. 1840இல் முடிக்குரிய காணிச் சட்டம் வந்து கண்டிச் சிங்களக் கிராமத்தவர்களின் காணிகள் கைமாறியதற்கும் அதே கயிற்றில் ஒரு முடிச்சு போட வேண்டும். பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகளோடு விளையாட்டுப் போட்டியில் சந்திக்கும்போது அது உதவும்.

ஒரு வார்த்தை பறந்து வந்தால்

"தோட்டக்காட்டான்" என்று நம்மவர்களை இழிவாகச் சொல்லும் வார்த்தையை ஒருவன் சொல்லிவிட்டான் என்று வையுங்கள், அல்லது நிறத்தை, சாதியை, நடக்க முடியாத ஒரு பிள்ளையின் காலைச் சொல்லிவிட்டான். அந்த நிமிடம் ஒரே வரி: "இந்த வகுப்பில் அந்தப் பேச்சு இல்லை." பிரசங்கம் வேண்டாம். பாடத்தைத் தொடருங்கள். இடைவேளையில் முதலில் அந்தப் பேச்சை வாங்கிய பிள்ளையிடம் போங்கள், சொன்னவன் பிறகு. எல்லார் முன்னாலும் கைகொடுத்து மன்னிப்புக் கேட்கவைப்பது நாடகம். வாங்கிய அடி ஆறாமல் இருக்கும்போதே "பரவாயில்லை" என்று சொல்லும் வேலையும் அந்தப் பிள்ளையின் தலையில் விழுகிறது.

அடுத்த வாரம், சம்பவத்தைத் தொடாமல், அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரையை எடுங்கள். இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் அபிப்பிராயம், பிறந்த இடம் என்ற காரணங்களுக்காக எந்தப் பிரஜைக்கும் பாரபட்சம் காட்டக்கூடாது என்று அது சொல்கிறது. இந்த ஏழு காரணங்களையும் கரும்பலகையில் எழுதி, பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், கடையில் எதை எங்கே பார்த்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். ஒருமுறை ஒரு பையன் எழும்பி, "சப்பாத்து இல்லேன்னு கேட்டுல நிப்பாட்டுனா அது இதுல எது மிஸ்?" என்றான். அந்த ஏழு காரணங்களிலும் அது இல்லை. எட்டாவதாக என்ன எழுதலாம் என்று அன்று முழுப் பாடவேளையும் விவாதம் நடந்தது. வறுமை என்று சிலர், சப்பாத்து என்றே எழுதுங்கள் என்று சிலர்.

அதிபரோ வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வருகிறவரோ "இதெல்லாம் பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டால் தயங்க வேண்டாம். பாடக்குறிப்பில் கொழுந்துக் கணக்கு வீதம், கயிறு காலவரிசை, உறுப்புரை அடிப்படை உரிமைகள். பாடத்திட்டத்துக்கு வெளியே ஒன்றும் இல்லை.

கடைசியாக, பெற்றோர் கூட்டம். "கூப்பிட்டால் வருவதே இல்லை, அக்கறை இல்லாத சனம்" என்று சொல்லுகிற ஆசிரியர்களைப் பார்ப்பீர்கள். காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் வருகிற தாய்க்கு அன்றைய பேர் போய்விடும். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், தோட்டத்துக்குள்ளேயே, கோயில் மண்டபத்திலோ பிள்ளைமடுவத்திலோ (குழந்தைகள் காப்பகத்திலோ) வையுங்கள். சம்பள நாளையொட்டி வேண்டாம், டவுனுக்குச் சாமான் வாங்கப் போய்விடுவார்கள். மேட்டு லயத்தில் ஒரு மாதம், பணிய லயத்தில் அடுத்த மாதம் என்று மாற்றி மாற்றி வைத்தால் நல்லது. பேச்சு அரை மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது, ஆறு மணிக்கு முன் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு தண்ணீர் எடுக்கிற நேரம்.